கூப்பிட்டு வராத நாயை அடித்தால் வருமா?

"ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் வேட்டை நாய், கூப்பிட்டால் வராது. வந்ததும் ரெண்டு போட்டால்தான் புத்தி வரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

அடி எதற்கு விழுந்தது என்பதை, கடைசியாகச் செய்த காரியத்தோடுதான் நாய் முடிச்சுப்போடும். ஓடியதற்கு அல்ல, உங்களிடம் வந்ததற்கே அடி என்று அதற்குப் படும். அடுத்த முறை கைக்கு எட்டாமல் வட்டமடிக்கும்.

சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். முயல் ஓடினால் நம் குரல் காதில் ஏறாது, அது உண்மைதான். அதனால்தான் கூப்பிட்டால் வரப் பழக்கும்போது முதலில் 10 மீட்டர் கயிறு. கழுத்தில் அல்ல, மார்புப்பட்டையில் கட்டுங்கள். பெயரை ஒரே முறை சொல்லுங்கள். வந்ததும் வேகவைத்த கோழித்துண்டு, உடனே மறுபடி விளையாட்டு. கூப்பிட்டபோதெல்லாம் வீட்டுக்கே இழுத்துப்போனால், அதுவும் அதற்குத் தண்டனைதான்.