செத்தவன் சண்டை போடலாமா?

போன ஞாயிறு இரவு ஒன்பது மணி இருக்கும். ஓகர் ஒன்று தடியை ஓங்கி அடித்ததில் எங்கள் குழுவின் ஃபைட்டருடைய, அதாவது போர்வீரனுடைய, ஹிட் பாயிண்ட் என்கிற உயிர்க்கணக்கு மைனஸ் 12-க்குப் போய்விட்டது. மைனஸ் 10 வந்தாலே சாவுதான். அந்த ஃபைட்டரை ஆடுகிறவன் என் கல்லூரி நண்பன், தொழிலில் ஆடிட்டர். மூன்று மாதமாக வளர்த்த கேரக்டர் ஆயிற்றே, வருத்தப்படுவான் என்று பார்த்தால் அவன் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான்.

"மச்சி, என் டர்ன் வந்தா நான் அடிக்கலாம்ல?"

"நீ செத்துட்டடா."

"செத்துட்டேன், ஒத்துக்கறேன். செத்தவன் அடிக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

தெரியாதவர்களுக்காக: இது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் போட்ட விளையாட்டு. ஒருவர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம்; கதையையும் அரக்கர்களையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். நடக்குமா நடக்காதா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். உலகமே ஐந்தாம் பதிப்புக்குப் போய்விட்டாலும் நாங்கள் இன்னும் 2003-ல் வந்த 3.5 பதிப்பில்தான் இருக்கிறோம். பழைய புத்தகங்கள் மலிவாகக் கிடைத்தன என்பதைத் தவிர அதற்குக் கொள்கைக் காரணம் எதுவும் கிடையாது. டிஎம் நான்தான்.

சரி, ஆடிட்டரின் கேள்விக்கு வருவோம். அவன் சொன்னது உண்மை. அந்தப் புத்தகத்தில் சாகும் தறுவாயில் இருப்பவனால் எந்தச் செயலும் செய்ய முடியாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. செத்தவனைப் பற்றி, ஆத்மா உடலை விட்டுப் போய்விடும், வைத்தியமும் குணமாக்கும் மந்திரமும் பலிக்காது என்றெல்லாம் இருக்கிறது. எழுந்து அடிக்கக் கூடாது என்று மட்டும் இல்லை. எழுதியவர்களுக்கு அது தேவைப்படும் என்று தோன்றியிருக்காது, பாவம். அவர்கள் எங்கள் ஆடிட்டரைப் பார்த்ததில்லை.

இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. என் கட்சி இதுதான்: குதர்க்கமான கேள்விக்கு நக்கல் பதில்தான் முறையான பதில். ஆனால் அந்த நக்கல் விதிப் புத்தகத்துக்குள்ளேயே நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல், கடைசி வரி வரைக்கும் போக வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நஷ்டத்தில். இரண்டு வருடம் முன்பு இதே ஆடிட்டர் ஏணிக் கணக்கைக் கொண்டு வந்தான். 3.5-ன் விலைப்பட்டியலில் பத்தடி ஏணி 5 செப்புக்காசு. பத்தடிக் கழி 2 வெள்ளி, அதாவது 20 செப்பு. ஏணியை வாங்கிப் படிகளைப் பிடுங்கிவிட்டால் கையில் இரண்டு கழி. பழைய சரக்கு பாதி விலைக்குத்தான் போகும் என்றாலும் இரண்டுக்கும் சேர்த்து 20 செப்பு. ஐந்து போட்டால் இருபது! ஓகரையும் டிராகனையும் விட்டுவிட்டு ஏணிக்கடை வைத்துப் பிழைக்கலாம் என்றான். நான் அன்றைக்கு மகா சீரியஸாக இடைக்காலப் பொருளாதாரம், சந்தை, தச்சர்களின் கூலி என்று நாற்பது நிமிடம் வாதாடினேன். அவனும் விடவில்லை. முதல் தடவையாக ஆட வந்திருந்த ஒருவர் நாற்பது நிமிடமும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

இப்போது கேட்டால் ஒரே பதில்தான்: "தாராளமா வித்துக்கோ. பத்தடிக் கழியை வாங்குறது யாரு? குகைக்குள்ள பொறி இருக்கான்னு தரையைத் தட்டிப் பாக்குற உன்ன மாதிரி ஆளுங்க. இந்த ஊர்ல அப்படி நாலு பேரு. நாலு பேரும் இந்த மேசையிலதான் உக்காந்திருக்கீங்க." முப்பது விநாடியில் முடிந்திருக்கும். (ஐந்தாம் பதிப்பில் ஏணி 10 செப்பு, கழி 5 செப்பு. இரண்டு கழியும் ஒரு ஏணியும் ஒரே விலை. ஏணிக்கடைக்கு ஷட்டர் போட்டாயிற்று.)

இந்த விளையாட்டு உலகத்தில் மிகப் பிரபலமான குதர்க்கம் ஒன்று உண்டு, குடியானவர் பீரங்கி. ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. ஒரு சுற்றுக்குள் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடம் ஒரு பொருளைக் கைமாற்றத் தயாராக நிற்கலாம், விதி அனுமதிக்கிறது. எத்தனை பேர் என்று விதி சொல்லவில்லை. ஆகவே 2,280 குடியானவர்களை ஆளுக்கு ஐந்தடி விட்டு வரிசையில் நிறுத்து. முதல் ஆளிடம் ஈட்டியைக் கொடு. ஆறு விநாடியில் அது 11,400 அடி, கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோமீட்டர் போய்விடுகிறது. விநாடிக்கு 1,900 அடி. ஒலியை விட வேகம். கடைசி ஆள் அதை விட்டால் டிராகன் சுக்குநூறு!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் எங்கே முடிச்சுப் போடுகிறார்கள் என்று பாருங்கள். ஈட்டி கைமாறும் வரைக்கும் விதிப் புத்தகம். கடைசி ஆள் கைக்கு வந்ததும் விதிப் புத்தகத்தை மூடிவிட்டு நியூட்டனைக் கூப்பிடுகிறார்கள். நியூட்டனைக் கூப்பிடுவதாக இருந்தால் முதல் ஆளிடமே கூப்பிட வேண்டும். அவர் வந்தால் அந்த ஈட்டி ஆறு விநாடியில் நாலு பேரைத் தாண்டாது. புத்தகம்தான் சட்டம் என்றால் கடைசி ஆளுக்கும் அதுதான் சட்டம். அவன் ஈட்டியை எறிகிறான். எறியப்பட்ட ஈட்டி அதிகபட்சம் நூறடி போகும். பட்டால் சேதம் எட்டுப் பக்கப் பகடை ஒன்றில் விழுவதுதான். டிராகனுக்குக் கொசுக்கடி.

2024-ல் வந்த புதிய டிஎம் கையேட்டில் இதற்கென்றே ஒரு பத்தி போட்டுவிட்டார்கள். விதிகள் இயற்பியல் அல்ல, சாதாரண மனிதர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஒரு ஈட்டியை ஒளிவேகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஆடுகிறவர்கள் வாதாடினால் இடம் கொடுக்காதே என்கிற பொருளில். சரியான தீர்ப்பு. ஆனால் சப்பென்று இருக்கிறது. 'கடன் அன்பை முறிக்கும்' என்று கடைச் சுவரில் எழுதி மாட்டுவது போல. பீரங்கியைத் தடை செய்யாதீர்கள், சுட விடுங்கள். எட்டுப் பக்கப் பகடையை உருட்டச் சொல்லுங்கள். மூன்று விழட்டும். மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். டிராகன் திரும்பிப் பார்த்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

3.5-ல் தண்ணீரில் மூழ்குவதற்கு ஒரு விதி உண்டு. மூச்சு முட்டியதும் முதல் சுற்றில் ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வரும், அடுத்த சுற்றில் மைனஸ் 1, மூன்றாவதில் சாவு. பூஜ்யத்துக்கு 'இறங்கும்' என்ற நினைப்பில்தான் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே மைனஸ் 8-ல் துடித்துக்கொண்டிருப்பவனை வாளித் தண்ணீரில் முக்கினால் அவன் பூஜ்யத்துக்கு ஏறிவிடுகிறான்! தண்ணீர் வைத்தியம். இதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான பதில்: "ஆகா, பிழைத்துவிட்டான். ஆனால் மூழ்க ஆரம்பித்தவன் எப்போது மூழ்குவதை நிறுத்துவான் என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லையே. தலையை வெளியே எடுத்துவிட்டாயா? நல்லது. அடுத்த சுற்று மைனஸ் 1." எழுத்தைப் பிடித்துத் தொங்குகிறவனை அதே எழுத்தில்தான் தூக்கில் போட வேண்டும்.

இந்த மரபு எங்கள் வீட்டு ஹாலில் பிறந்ததல்ல. இந்த விளையாட்டுக்கென்று டிராகன் என்ற பத்திரிகை 1976-லிருந்து 2007 வரை அச்சில் வந்தது. அதில் வாசகர்களின் விதிச் சந்தேகங்களுக்கு 'சேஜ் அட்வைஸ்' என்று ஒரு பகுதி, முனிவர் ஆலோசனை என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1979-ல் ஜீன் வெல்ஸ் அதை எழுத ஆரம்பித்தார். பிறகு ஸ்கிப் வில்லியம்ஸ் என்பவர் 1980-களின் பிற்பகுதியிலிருந்து 2004 வரை முனிவராக இருந்தார். ஏப்ரல் இதழ் வந்தால் அந்தப் பத்திரிகையில் முட்டாள்தினக் கூத்துக்குத் தனிப் பக்கங்கள் உண்டு.

வேடிக்கை என்னவென்றால் ஏப்ரல் மாதத்துப் பதிலுக்கும் மற்ற மாதத்துப் பதிலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஐந்தாம் பதிப்பில் ஒரு நிஜத் தீர்ப்பு: மந்திரத்தால் மறைந்து நிற்பவனை அடிப்பது கஷ்டம், இரண்டு பகடையில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். சரி, மறைந்திருப்பவனைப் பார்க்கும் மந்திரம் என்னிடம் இருந்தால்? பார்க்கலாம். அடிப்பது? அப்போதும் கஷ்டம்தான். ஏனென்றால் 'மறைந்திருத்தல்' என்ற தலைப்பின் கீழ் பார்க்க முடியாது என்பது ஒரு வரி, அடிப்பது கஷ்டம் என்பது இன்னொரு வரி; இரண்டும் தனித்தனி வரிகள். பத்து வருடம் கழித்து, 2024 பதிப்பில்தான் அதைச் சரி செய்தார்கள்.

சிரிக்காதீர்கள். உப்புப் போட்ட பாப்கார்னை உதிரியாக விற்றால் 5 சதவீதம், பாக்கெட்டில் போட்டால் 12, கேரமல் தடவினால் 18 என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் நமக்கு விளக்கம் கொடுக்கவில்லையா? எங்கள் ஆடிட்டருக்குச் சோறு போடுவதே இந்த வகைச் சேஜ் அட்வைஸ்தான்.

உண்மையில் இந்த விளையாட்டின் விதிகளை எழுதியவர்களே பெரிய நக்கல் பேர்வழிகள். மந்திரங்களுக்குத் தேவையான பொருள்களைப் பாருங்கள். ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்துக்கு வௌவால் எச்சமும் கந்தகமும்: பாதி வெடிமருந்து. மின்னல் விடுவதற்கு ஒரு துண்டு ரோமமும் ஒரு கண்ணாடிக் குச்சியும்: பள்ளிக்கூடத்தில் தேய்த்துக் காகிதம் ஒட்டவைத்தோமே, அதேதான். பிறர் மனதைப் படிப்பதற்கு ஒரு செப்புக்காசு: 'என்ன யோசனை, சொன்னால் ஒரு பென்னி' என்பது வெள்ளைக்காரர் பேச்சு. சுவரில் வழி திறக்கும் மந்திரத்துக்கு ஒரு சிட்டிகை எள். இது எனக்கு வருடக்கணக்கில் புரியவில்லை. அலிபாபா கதையின் 'திறந்திடு சீசேம்' நமக்கு மனப்பாடம், ஆனால் சீசேம் என்றால் எள் என்று ஒருநாள் எண்ணெய் பாட்டிலின் லேபிளைப் படிக்கும்போதுதான் உறைத்தது. கடையில் தனியாக நின்று சிரித்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நக்கல் பதில் எல்லோருக்கும் அல்ல. சென்ற வருடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, விஸார்ட், அதாவது மந்திரவாதி, ஆடுகிறவள், "அண்ணா, வௌவால் எச்சம் எந்தக் கடையில வாங்கணும்?" என்று கேட்டாள். நான் நக்கல் என்று நினைத்து, "நாட்டு மருந்துக் கடையில கேட்டுப் பாரும்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள். அன்று முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. விஸார்ட் ஒரு மந்திரம்கூடப் போடவில்லை. கேள்வி குதர்க்கமா, அறியாமையா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஒழுங்காகச் சொன்னேன். 5 தங்கக்காசுக்கு ஒரு பை கிடைக்கும், தனி விலை போடாத எல்லாப் பொருளும் அதில் இருப்பதாகக் கணக்கு. அவள் மந்திரப் பட்டியலைக் கொஞ்ச நேரம் படித்துவிட்டுக் கேட்டாள்: "சுவர் ஏறுற மந்திரத்துக்கு உயிருள்ள சிலந்தியைத் தின்னணும்னு போட்டிருக்கே. அப்ப இந்தப் பைக்குள்ள சிலந்தி உயிரோட இருக்கா? அதுக்குச் சாப்பாடு யார் போடறது? வௌவால் எச்சத்தையா தின்னுது?" ஆடிட்டர் எழுந்து நின்று கை தட்டினான்.

சரி, போன ஞாயிறு. ஃபைட்டர் செத்துக் கிடக்கிறான். ஆடிட்டர் விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். நான் புத்தகத்தை வாங்கி நிதானமாகப் படித்தேன்.

"ஆமாடா. செத்தவன் அடிக்கக் கூடாதுன்னு எழுதல. ஆனா ஆத்மா உடம்பை விட்டுப் போயிடும்னு எழுதியிருக்கு."

"அதுக்கென்ன?"

"அந்த ஃபைட்டரோட ஆத்மா யாரு? மூணு மாசமா அவனுக்குள்ள இருந்து அவனை ஆட்டி வச்சது நீதான. நீ இப்ப இந்த மேசையை விட்டுப் போகணும். உடம்பு இங்கேயே இருக்கட்டும், உன் கேரக்டர் ஷீட்டை வச்சுட்டுப் போ. சமையல்கட்டுல பால் இருக்கு. அஞ்சு டீ."

ஒரு நிமிடம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போனான். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்:

"மச்சி, ஆத்மாவால பாத்திரத்தைத் தொட முடியும்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"