ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் நடிப்பா?

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தலையில் அடிபட்ட பிள்ளைகளை ஒரு மாதம் இருட்டறையில் படுக்க வைக்க வேண்டுமாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லாவிட்டால் அதன்பிறகு வரும் தலைவலி, எரிச்சல் எல்லாம் நடிப்பாம். மனநல ஆலோசனை பைத்தியத்துக்குத்தானாம். மூன்றுமே தவறு.

தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சியில் (concussion) சீடி ஸ்கேன் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். அது தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். நரம்புக் கலங்கள் வேலை செய்வதில் வரும் குழப்பம் அதில் தெரியாது. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஓய்வும் முதல் ஓரிரு நாளைக்குத்தான். அப்புறம் மெல்ல நடக்கத் தொடங்குவதே நல்லது என்று விளையாட்டில் வரும் மூளை அதிர்ச்சி பற்றி 2023இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் சர்வதேச அறிக்கை சொல்கிறது. இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம்.

கம்பஸ் படிப்பு நின்றுபோய், விளையாட்டும் போய், “நடிக்கிறாய்” என்ற பேச்சையும் கேட்கும் இருபது வயதுப் பிள்ளைக்குப் பயமும் வெட்கமும் கோபமும் வராதா? அவை தூக்கத்தைக் கெடுத்து, தலைவலியையும் கூட்டும். உணர்வுகளை மையப்படுத்திய சிகிச்சை இந்த இடத்தில்தான் உதவப் பார்க்கிறது. அடக்கி வைத்த உணர்வை அடையாளம் கண்டு பேச வைக்கும் முறை அது. மூளைக் காயத்தை ஆற்றும் மருந்து அல்ல.

வாந்தி தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ உடனே 1990 அம்புலன்ஸ். மனநல உதவிக்கு 1926. அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.