சவானாவில் நான் பார்க்கச் சொல்லும் தெரு

நீண்ட வார விடுமுறை வந்தால் அட்லாண்டாவில் இருக்கும் நம் ஆட்கள் அதே அமெரிக்க ஜார்ஜியா மாநிலத்துப் பழைய ஊரான சவானாவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நாலு மணி நேரப் பயணம். மறுநாளே பாசி தொங்கும் ஓக் மரப் படங்கள் வந்துவிடும். (அது பாசியே இல்லை, அன்னாசிக்கு உறவுக்காரச் செடி. சரி, அது வேறு கதை.)

படத்துக்குக் கீழே தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'அந்தக் காலத்திலேயே எவ்வளவு திட்டமிட்டுக் கட்டியிருக்கிறார்கள்!' உண்மைதான். 1733இல் ஊரை நிறுவிய ஆங்கிலேயர் ஓகில்தார்ப் போட்ட மனைப்பிரிவு அது. நடுவில் திறந்த சதுக்கம், சுற்றிலும் வீட்டு மனைகள், இரு பக்கமும் தேவாலயத்துக்கும் பொதுக் கட்டடத்துக்குமான இடம். ஊர் பெருகப் பெருக அதே அச்சை அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போனதில் 24 சதுக்கங்கள் ஆயின.

ஆனால் வரைபடம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. 1935இல் 17ஆம் எண் நெடுஞ்சாலைக்காக எல்பர்ட், லிபர்ட்டி சதுக்கங்கள் பறிபோயின. 1954இல் எல்லிஸ் சதுக்கத்திலிருந்த பழைய சந்தையை இடித்து, அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினார்கள். டேவன்போர்ட் குடும்பத்தின் 1820ஆம் வருடத்து வீட்டுக்கும் அதே கதி வரவிருந்தது. ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி 1955இல் அதை வாங்கினார்கள். இன்று நாம் படமெடுக்கும் சவானா அந்தப் பிடிவாதத்தில் மிஞ்சியது. ஓகில்தார்ப்புக்குப் போகும் புகழில் பாதியாவது அவர்களுக்குப் போக வேண்டும் என்பேன்.

எனக்கு உறுத்துவது இதற்கு அப்புறம் நடந்தது. ஊரின் மேற்கு ஓரத்தில் வெஸ்ட் பிராட் தெரு. கறுப்பின மக்களின் வங்கி, கடைகள், திரையரங்கு எல்லாம் இருந்த கடைத்தெரு. 1902இல் கட்டிய யூனியன் ஸ்டேஷனும் அங்கேதான். 1963இல் ஐ-16 நெடுஞ்சாலைக்காக அந்த ரயில் நிலையத்தை இடித்தார்கள். பக்கத்து ஃபிராக்டவுன் வீடுகளும் போயின. தெருவின் குறுக்கே மேம்பாலம் ஏறியது, வியாபாரம் படுத்தது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் இயக்கம் அதே ஊரில் தொடங்கி எட்டு வருடம் ஆகியிருந்தது! கிழக்கே ஒவ்வொரு வீடாக மீட்டுக்கொண்டிருந்தபோது மேற்கே ஒரு கடைத்தெருவே காலியானது. எது 'பாரம்பரியம்' என்பதை யாருடைய வீடு என்பதுதான் முடிவு செய்திருக்கிறது. பிறகு அந்தத் தெருவுக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயரை வைத்தார்கள். மேம்பாலம் அப்படியே நிற்கிறது.

ஊர் மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிமைமுறையை ஆதரித்த கால்ஹூனின் பெயரிலிருந்த சதுக்கத்துக்கு, அடிமையாகப் பிறந்து, சவானாவில் ஒளிந்து ஒளிந்து எழுத்துக் கற்று, பிறகு ஆசிரியையும் செவிலியுமான சூசி கிங் டெய்லரின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். எல்லிஸ் சதுக்கத்து வாகன நிறுத்தத்தையும் இடித்து, கார்களைத் தரைக்கடியில் அனுப்பி, 2010இல் சதுக்கத்தைத் திறந்தார்கள். ஒரு சதுக்கத்துக்காக இவ்வளவு செய்ய முடிந்தவர்களுக்கு ஒரு மேம்பாலத்தை இறக்குவது முடியாத காரியமா? இறக்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை போனால் அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். கறுப்பின மக்கள் நடத்திய வங்கியின் கட்டடத்தில் இப்போது சிவில் உரிமைப் போராட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. வழி தேட வேண்டாம். அட்லாண்டாவிலிருந்து ஐ-16 வழியாக ஊருக்குள் இறங்கியவர்கள் பலரும் அந்தத் தெருவின் தலைக்கு மேலேதான் போயிருக்கிறோம்.