இருபத்து நாலு செருப்பு

"சார், நான் கீழ்வீடு. உங்களுக்கு இருபத்து நாலு செருப்பு கொண்டு வந்திருக்கிறேன்."

"என்னது?"

"செருப்பு சார். இருபத்து நாலு. கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்."

"வீடு தேடி வந்து செருப்பைக் காட்டுகிறீர்களா? பார்க்கிங் விஷயமா? அன்றைக்கு உங்கள் இடத்தில் வண்டியை விட்டது நான் இல்லை, என் மச்சினன்."

"ஓ, அது உங்கள் மச்சினனா? சரி, அதை இன்னொரு நாள் பேசலாம். இது உங்கள் டைனிங் டேபிளுக்கு."

"சாப்பிடுகிற இடத்தில் செருப்பா!"

"மேலே இல்லை சார், கீழே. ஆறு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் நாலு கால். ரப்பர் புஷ். ஒன்று பத்து ரூபாய்."

"எங்கள் வீட்டில் ஆறு நாற்காலி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் உள்ளே வந்ததே இல்லையே."

"இரண்டு வருடமாக ராத்திரி எட்டரைக்குக் கேட்கிறேனே. முதலில் ஒன்று மெதுவாக இழுபடும், அது உங்கள் அம்மா. அப்புறம் டர்ர்ரென்று ஒன்று, அது நீங்கள். பையன் இரண்டு தடவை இழுப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆறும் இழுபடும். அன்றைக்கு மச்சினன் வந்திருப்பார்."

"நாங்கள் சத்தமே போடுவதில்லை சார். டிவியைக்கூடச் சின்னதாகத்தான் வைப்போம்."

"டிவி எனக்குக் கேட்பதே இல்லை. காற்றில் வருகிற சத்தத்தைக் கான்கிரீட் பெரும்பாலும் நிறுத்திவிடும். நாற்காலி இழுப்பதும் பூண்டு இடிப்பதும் அந்தக் கான்கிரீட்டையே அடிப்பது. ஐந்து அங்குலம்தான் சார் நடுவில். நான் குடியிருப்பது தவிலுக்குள்."

"அப்படியானால் நீங்கள் ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொள்ளலாமே. என் நண்பர் ஒருவர் செய்கிறார், சொல்லட்டுமா?"

(இந்த வசனத்தை நான் மூன்று குடியிருப்புகளில் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் அந்த நண்பர் இருந்தார்.)

"அதையும் விசாரித்தேன். ஜிப்சம் பலகையைத் தாங்குகிற கம்பியை உங்கள் தரைக்கு அடியில்தான் திருகுவார்கள். நீங்கள் இழுக்கிற டர்ர்ர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கி வரும். வராமல் இருக்க ரப்பர் வைத்த கொக்கி, நடுவில் ராக்வுல் என்கிற கல்நார்ப் பஞ்சு மாதிரியான சத்தம் உறிஞ்சும் பஞ்சு என்று எனக்குச் சொன்ன தொகை லட்சத்தைத் தொட்டது. அப்புறமும் கொஞ்சம் குறையுமாம், அவ்வளவுதான். உங்கள் பக்கம் இருநூற்று நாற்பது ரூபாயோடு முடிகிறது. அதையும் நானே கொடுத்துவிட்டேன்."

"முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்கிறார்களே?"

"ஒட்டினேன் சார். அறைக்குள் எதிரொலி குறைந்தது. உங்கள் நாற்காலி இன்னும் தெளிவாகக் கேட்டது. ஒன்று கவனித்தீர்களா? சத்தம் போடுகிறவருக்கு யாரும் யோசனை சொல்வதில்லை. கேட்கிறவனுக்குத்தான் ஊரே யோசனை சொல்கிறது."

"சட்டப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல்தானே கட்டுப்பாடு? நாங்கள் எட்டரைக்கே சாப்பிட்டுவிடுகிறோம்."

"பகலுக்கும் அளவு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு விதி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. அதை விடுங்கள், உங்கள் வாஷிங் மெஷின் பதினொரு மணிக்குத்தானே கிளம்புகிறது?"

"கிளம்புகிறதா?"

"நடக்கிறதில்லையா?"

"ஆமாம், சுவரோரம் வைத்தால் கதவு வரைக்கும் வந்துவிடுகிறது. அதுவும் கேட்கிறதா?"

"முன்பக்கக் கதவு வைத்த மெஷின்தானே? பின்னால் நாலு போல்ட் இருக்கிறதா பாருங்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போடுவது. கழற்றாமல் ஓட்டினால் அப்படித்தான் குதிக்கும்."

"வாங்கி மூன்று வருடம் ஆகிறதே!"

"அப்படியா! கீழே எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் காலி செய்தார் என்று இப்போதுதான் புரிகிறது."

"ஆனால் அந்தக் கோலி உருட்டுகிற சத்தம் சத்தியமாக நாங்கள் இல்லை சார். எங்களுக்கும் மேலேயிருந்து கேட்கிறது."

"அது தண்ணீர்க் குழாயாகக்கூட இருக்கும். அதை நான் உங்கள் கணக்கில் எழுதவில்லை. பூண்டை எழுதியிருக்கிறேன். இடிகல்லுக்கு அடியில் பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போடச் சொல்லுங்கள்."

"அதற்கும் செருப்பா?"

"அதற்குப் பாய் சார். செருப்பு நாற்காலிக்கு மட்டும்தான்."

"முதலிலேயே புஷ் என்று சொல்லியிருக்கலாம். அடிக்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்."

"போன மாதம் புஷ் என்றுதான் சொன்னேன். பார்க்கலாம் சார் என்று கதவைச் சாத்திவிட்டீர்கள். செருப்பு என்றதும்தான் காது கொடுத்தீர்கள்."

"சரி சரி, உள்ளே வாருங்கள். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், காபி சொல்கிறேன்."

டர்ர்ர்.

"ஒரு நிமிஷம் சார், வீட்டிலிருந்து போன்… ஹலோ… ஆமாம், மேலேதான் இருக்கிறேன்… இல்லை, இன்னும் மாட்டவில்லை… அட, கத்தாதே. இப்போது இழுத்தது அவர் இல்லை, நான்."