தரங்கம்பாடிக்கு அரை மணி நேரமா?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு வேன் தரங்கம்பாடிக்குத் திரும்பும். கோட்டை முன் இறங்குவார்கள். மதிலோரம் ஒரு போட்டோ, கடலோடு ஒரு போட்டோ. அப்புறம், "இங்க வேற என்ன இருக்கு, கிளம்பலாம்" என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்ன இல்லை இங்கே? தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1845-இல்தான் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ராஜவீதியில் கொஞ்சம் நடந்தால் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது இந்த ஊரில், 1715-இல். கரையோரம் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். பழைய கட்டடத்தின் ஒரு பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்டது. இதையெல்லாம் எட்டிப்பார்க்கக்கூட ஆளில்லை.

சரி, நேரமில்லை, விடுங்கள். சுவரில் பெயர் கீற மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? போன தடவை பார்த்தேன்: சுண்ணாம்புப் பூச்சில் ஓர் இதயம், நடுவே அம்பு, இரண்டு எழுத்துகள். உள்ளே செங்கல் தெரியுமளவுக்கு ஆணியால் தோண்டியிருக்கிறார்கள். போதாதென்று பீரங்கி வாய்க்குள் கசக்கிய டீ கப் வேறு. வந்த வேனிலேயே அதைத் திரும்ப எடுத்துப்போக என்ன கேடு?