ஒரு ஊருக்கு ஒரு புள்ளி போதாது

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டி வைத்த ஊர்க் கணக்கைப் பொறுமையாக உட்கார்ந்து படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். எந்த ஊர் கோயிலுக்கு எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், அந்த ஊரின் மொத்த நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என்று பொடிப் பின்னம் வரை சொல்கிறார்கள். அப்புறம் வரி இல்லாத இடங்களைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகிற வாய்க்கால், கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் சுடுகாடே இரண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வரிக் கணக்கில் சேரி தனியாக நிற்கிறது.

இன்றைக்கு அதே டெல்டாவை ஜிஐஎஸ்ஸில், அதாவது கணினி வரைபடத்தில் விவரங்களை ஏற்றிப் பார்க்கும் புவியியல் தகவல் முறைமையில், திறந்து பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர் விவரத்தை ஏற்றினால் ஒரு வருவாய் கிராமத்துக்கு ஒரு கட்டம் வரும். பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற எண் அதில் இருக்கும். அவர்கள் ஊரின் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள் என்பது இருக்காது.

போன வருஷம் சமூகவியல் மாணவர்கள் சிலரைக் கும்பகோணம் பக்கம் ஒரு ஊருக்குக் கூட்டிப் போனேன். கணக்கெடுப்பு அட்டவணைப்படி அங்கே எல்லாமே ‘உண்டு’: பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் வசதி. கையில் செல்போன் மட்டும்தான். ரேஷன் கடை, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், பஸ் நிறுத்தம், சுடுகாடு என ஒவ்வொன்றிலும் நின்று இடத்தைக் குறித்துக்கொண்டோம். ஆட்கள் நடந்து போகிற வழியையும் கூடவே நடந்து பதிவு செய்தோம். ராத்திரி கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றிப் பார்த்தபோது, காலனியிலிருந்து ரேஷன் கடைக்கு நேர்கோட்டில் அரை கிலோமீட்டர்கூட இல்லை. நடந்த வழியோ வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு அதைப்போல மூன்று மடங்கு போயிருந்தது.

மறுநாள் ஒரு மாணவி அந்த வழியில் தன்னோடு நடந்த பாட்டியிடமே கேட்டாள். “தெரு வழியாப் போனா கிட்டதான் பாப்பா. நாங்க போறதில்ல,” என்றார் அவர், அரிசிப் பையைத் தலையில் சரிசெய்துகொண்டே. யாராவது தடுக்கிறார்களா என்று கேட்டதற்கு, “யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, நாங்க போறதில்ல,” என்று மறுபடியும் அதையேதான் சொன்னார். இதை எங்கள் அட்டவணையில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று அந்தப் பெண் என்னிடம் வந்து நின்றாள். புதுப் பத்தி ஒன்று சேர்த்துக்கொள் என்றேன். அந்த ஆய்வில் கிடைத்ததிலேயே எனக்குப் பெரியது அந்தப் பத்திதான்.

அளவுகோலை மாற்றினால் உண்மை எப்படி மாறித் தெரியும் என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகள். இன்றைய எல்லைப்படி தர்மபுரி மாவட்டத்தில் 826, சேலத்தில் 851. மாநிலச் சராசரியை மட்டும் பார்த்தவருக்கு அந்தக் குழந்தைகள் எங்கே காணாமல் போனார்கள் என்று தெரிந்திருக்காது. மாவட்டத்துக்குள்ளும் எல்லா ஊரும் ஒன்றல்ல.

ஜிஐஎஸ் எல்லாம் பொறியியல்காரர்கள் வேலை, நமக்கு எதற்கு என்று வரலாற்றுத் துறைகளில் இன்னும் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கல்வெட்டு ஆய்வாளர் பேராசிரியர் சுப்பராயலு சோழர் ஆட்சிப் பகுதியில் ‘நாடு’ எனப்பட்ட சிறு பிரிவுகளை வரைபடத்தில் கொண்டுவந்தது கணினி இல்லாத காலத்தில். 1973ல் புத்தகமாக வந்தது. கல்வெட்டில் இருக்கும் ஊர்ப் பெயரை இன்றைய ஊரோடு ஒவ்வொன்றாகப் பொருத்தியிருக்கிறார். அதன் பிறகுதான் தெரிந்தது, நாடு என்பது அரசன் கோடு போட்டுப் பிரித்ததல்ல, நீரையும் சாகுபடியையும் ஒட்டித் தானாகத் திரண்ட ஊர்க் கூட்டம் என்று. அதனால்தான் ஒரு நாடு பெரிதாகவும் பக்கத்து நாடு குட்டியாகவும் இருக்கிறது. வாய்க்காலையும் ஆற்றையும் எல்லையாக வைத்து மேலிருந்து பிரித்த வளநாடு என்ற பெரிய பிரிவு ராஜராஜன் காலத்தில் வந்தது. பிற்பாடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று அட்லஸை அவர் ஜிஐஎஸ்ஸில் செய்தபோதும் அடித்தளம் அந்தக் கைவேலைதான். கல்வெட்டில் ஒரு நல்லூர் வந்தால், இன்றைக்கு இருக்கிற இத்தனை நல்லூரில் அது எது? அதைச் சொல்லும் பொத்தான் எந்த மென்பொருளிலும் கிடையாது. கல்வெட்டும் தமிழும் தெரிந்த ஆள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் எம்.ஏ. வரலாறு, சமூகவியல், தமிழ் எதுவானாலும் ஒரு பருவமாவது ஜிஐஎஸ் கற்றுக்கொடுங்கள் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன். கியூஜிஐஎஸ் இலவசம். சாதாரண லேப்டாப் போதும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: எந்த வீடு எந்தச் சாதி என்று காட்டும் வரைபடத்தைப் பொதுவில் போடவே கூடாது. கலவர நாளில் அது யார் கையில் கிடைக்கும் என்று யோசித்தாலே போதும். நாங்கள் பொது இடங்களையும் வழிகளையும் மட்டும் குறித்தோம். ஊர்ப் பெயரை இங்கே எழுதாததும் அதற்காகத்தான்.

ஐப்பசியில் அதே ஊருக்கு மறுபடி போகிறோம். காலனியின் சுடுகாட்டுப் பாதை வயல் நடுவே போகிறது, மழை பிடித்தால் இடுப்பளவு தண்ணீர் என்று அந்தப் பாட்டி சொல்லியிருந்தார். கோடையில் நடந்து குறித்த கோடு எங்களிடம் இருக்கிறது. மழையில் சவத்தைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாகப் போகிறார்கள் என்பதையும் கூட நடந்து குறித்துக்கொண்டு வர வேண்டும்.