கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அரசுப் பணியிலோ அரசு நிறுவனத்திலோ இருக்கும் ஒருவருக்கு விபத்தில் கால் போனாலும், சர்க்கரையில் கண் பார்வை மங்கினாலும், பக்கவாதம் வந்தாலும், விருப்ப ஓய்வுக் கடிதத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். துறைமுகம், ரயில்வே, பஸ் டிப்போ, மின்வாரியம், மாநகராட்சி என்று ஏதோ ஒரு சம்பளத்தை நம்பித்தான் வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அந்தச் சம்பளம் ஒரே கையெழுத்தில் போய்விடுகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறியது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு, பஸ் பாஸ், உதவித்தொகை பற்றியெல்லாம் நம் ஆட்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. அதே சட்டத்தின் 20(4) பிரிவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கமும் செய்யக் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியவில்லையா, அதே சம்பள விகிதத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடமே காலியாக இல்லையா, இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கியாவது அவரை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இடஒதுக்கீட்டுக்கு, உடல் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. 20(4)-ல் அந்த வரம்பு எழுதப்படவே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், அரசு நிறுவனம் ஒன்றில் மெக்கானிக். ஷிஃப்ட் முடிந்து எண்ணூர் விரைவு சாலையில் வரும்போது கன்டெய்னர் லாரி இடித்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கட்டுப் பிரிப்பதற்கு முன்பே அலுவலகத்திலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்தார். கூடைக்கு அடியில் டைப் அடித்த தாள். "எனது உடல்நிலை காரணமாகப் பணியைத் தொடர இயலாத நிலையில், விருப்ப ஓய்வு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." தேதிக்கு மட்டும் கோடு விட்டு வைத்திருந்தார்கள். வந்தவர் கெட்டவர் இல்லை, உண்மையிலேயே நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். "கையெழுத்து போட்டு குடுத்துடும்மா, பையனுக்கு வாரிசு வேலை கேட்டுக்கலாம்" என்றார். அண்ணியும் பேனா தேடப் போய்விட்டார்.

இந்த வாரிசு வேலை என்ற ஆசைதான் நம் குடும்பங்களைக் கவிழ்க்கிறது. பெற்றவர் மனசு எனக்குப் புரிகிறது. தனக்கு என்ன ஆனாலும் பிள்ளை நிலைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் வாரிசு வேலை என்று நாம் சொல்லும் கருணை அடிப்படையிலான நியமனம் உரிமை கிடையாது, அது ஒரு சலுகைதான் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. கையில் இருக்கும் சட்ட உரிமையைக் கொடுத்துவிட்டு, கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம் என்கிற சலுகைக்காக வரிசையில் நிற்பதா? அதுவும், நாற்பது வயசு மனுஷனை "இனிமே நீ வீட்டோட இரு" என்று குடும்பமே முடிவு செய்வது எனக்குத் தாங்கவில்லை. அவருடைய கைக்கும் இத்தனை வருஷ அனுபவத்துக்கும் என்ன ஆகிவிட்டது?

அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. வேறு வேலை கேட்டு மனு கொடுத்தார். இழுத்தடித்தார்கள்தான். இப்போது ஸ்டோர்ஸில் இருக்கிறார், சம்பளம் குறையவில்லை.

ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டவர்களும் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிட வேண்டாம். 2003-ல் குணால் சிங் வழக்கு. கால் எடுக்கப்பட்ட காவலரை உடல் தகுதி இல்லை என்று அனுப்பி, அதற்கான பென்ஷனும் கொடுத்துவிட்டார்கள். பென்ஷன் வாங்கியதால் சட்டப் பாதுகாப்பு போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்போது இருந்தது 1995-ம் ஆண்டுச் சட்டம், அதன் 47-வது பிரிவுதான் இன்றைய 20(4). 2025-லும், நிறக்குருடு என்று வெளியேற்றப்பட்ட தெலங்கானா அரசு பஸ் டிரைவர் ஒருவருக்கு மாற்று வேலை தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

சரி, என்ன செய்வது? முதலில் ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையில் காட்டி மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்குங்கள். அப்புறம் 20(4)-ஐக் குறிப்பிட்டு மாற்றுப் பணி கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார் பதிவானால் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்று 23-வது பிரிவு சொல்கிறது. அங்கும் நடக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். ஆட்களை வரவழைக்க, ஆவணங்களைக் கேட்டு வாங்க, சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

இதில் என்னை உறுத்துவது காண்ட்ராக்ட் தொழிலாளிகளின் நிலைமை. 20(4) அரசு நிறுவனங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். மணலி கம்பெனிகளிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு கை கொடுக்காது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தபோது எல்லோரும் சம்பளத்தைப் பற்றியே பேசினோம். குப்பை வண்டியில் கை மாட்டினால் நாளைக்கு வேலை இருக்குமா என்பதும் அதே கேள்விதான். சம்பளத்தில் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தால், வேலையில் ஏற்பட்ட விபத்தால் வருமானம் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ப மாதாமாதம் பணம் வரும். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். ஆகவே விபத்து நடந்ததுமே முதலாளியிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆனால் பணம் வேறு, வேலை வேறு. அரசு வேலையை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கும் 20(4) பொருந்தும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். இதைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாதிரி மனு ஒன்று தமிழில் தயார் செய்து வைத்திருக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.